தழும்பில்லாத வைத்தியம் எனக்கு வேண்டாம்

காலடிப்பேட்டை,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள மச்சான் அலெக்ஸாண்டருக்கு,

செல்வநாதன் எழுதுவது. மாதாவின் தயவில் உம் தங்கை ஆலிஸ் சுகம், வீடு சுகம், பூனைகூடச் சுகம். நான் மட்டும் இல்லை. காரணம், நீர் சிபாரிசு செய்த டாக்டரம்மா.

போன மாதம் நான் ரத்த வாந்தி எடுத்தது உமக்குத் தெரியும். ஸ்கேனைப் பார்த்துவிட்டு டாக்டர் ஜஸீமா, "போர்ட்டல் வெயின்ல அடைப்பு ஐயா" என்றார். என் காதில் போர்ட்டில் அடைப்பு என்று விழுந்தது. அங்கே எந்த நாள்தான் அடைப்பு இல்லை, நான் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவன், கன்டெய்னர் லாரிக்காரர்களைப் போய்க் கேளுங்கள் என்று ஆரம்பித்துவிட்டேன். அவர் வண்ணாரப்பேட்டைப் பெண்; சிரிக்காமல் அதையே பிடித்துக்கொண்டார். குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் போகும் பெரிய சாலையாம் அது. அதில் ரத்தம் கட்டியாய் உறைந்து வழியை மறித்துவிட, துறைமுகச் சாலை அடைத்தால் லாரிகள் நம் தெருவுக்குள் புகுந்து கால்வாய் மூடியை உடைப்பதுபோல, வருகிற ரத்தம் உணவுக்குழாயின் சின்னக் குழாய்களுக்குள் புகுந்து உடைக்கிறதாம். இன்னொரு முறை உடைந்தால் ஆஸ்பத்திரி போய்ச் சேர்வது சந்தேகம் என்றார். இதெல்லாம் எனக்கு விளங்கியது. அந்த லாரிகளைத் தடுக்கச் சொல்லி மனு எழுதியே தேய்ந்தவன் நான்.

விளங்காதது வைத்தியம். வயிற்றைக் கிழிக்க வேண்டாமாம். கழுத்தில் ஊசித்துளை போட்டு, மெல்லிய கம்பியை விட்டு, திரையில் பார்த்துக்கொண்டே கல்லீரல் வரை ஓட்டிப்போய், அடைப்பைத் திறந்து ஸ்டென்ட் என்ற வலைக்குழாயை வைப்பார்களாம். ஓரிரு நாளில் வீடாம். வயிற்று நோய்க்குக் கழுத்தில் துளை, அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். தையல் எங்கே? அம்மா, பெரிய ஆபரேஷனாகவே செய்யுங்கள், விலாவிலிருந்து தொப்புள் வரை தழும்பு வேண்டும் என்றேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

மச்சான், கல்லீரல் என்றாலே குடி என்கிறது ஊர். நான் கோயில் மதுவிலக்குச் சபைச் செயலாளர். உம் கல்யாணத்தில் உம் கையிலிருந்த கிளாஸையே பிடுங்கியவன். இது குடியால் வந்ததில்லை, ரத்தம் உறைகிற சுபாவம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். ஆனால் டீக்கடை திருமலை என்ன கேட்கிறான்? "இன்னா நைனா, சைடுல ஒரு கட்டிங் வுட்டுகினு இருந்தியா?" அன்றிலிருந்து டீ குடிக்க விம்கோ நகர் வரை நடக்கிறேன். செய்தி எனக்கு முன்னால் அங்கே போய் உட்கார்ந்திருக்கிறது. இப்போது ஆஸ்பத்திரி என்று கிளம்பித் தையலும் இல்லாமல் திரும்பினால், குடியை நிறுத்தப் போய்வந்தான் என்பார்கள். சட்டையைத் தூக்கிக் காட்ட என்னிடம் என்ன இருக்கும்? இருப்புக் கொள்ளாமல் இந்தக் கடிதத்தையே கட்டில், வாசல், மாடிப்படி என்று இடம் மாறி எழுதுகிறேன். திங்கட்கிழமை வந்து படுக்கச் சொல்லியிருக்கிறார்; நான் போகப்போவதில்லை, டாக்டரிடம் நீரே சொல்லிவிடும். இது முடிவு.

உமக்கும் பிள்ளைகளுக்கும் ஆண்டவர் தேக சுகம் தருவாராக. தராவிட்டால், நாலு பேருக்குக் காட்டும்படியான நோயாவது தருவாராக.

இப்படிக்கு,
செல்வநாதன்

பின்குறிப்பு: இதை மடித்து வைத்த பிறகு, துப்பியதில் சிவப்பு தெரிந்தது. ஆலிஸ் அழவில்லை. என் வாயைத் துடைத்துவிட்டு, "நீ செத்துப்பூட்டா குடிச்சி செத்தான்னுதான் சொல்லுவாங்கோ. இல்லன்னு சண்டை போட அப்போ நீ இருக்கமாட்ட" என்றாள். திங்கள் வரை காத்திருக்காமல் ஆட்டோ ஏறிவிட்டேன். கம்பி விட்டு அடைப்பைத் திறந்தாகிவிட்டது. "ரோடு கிளியர் ஐயா" என்றார் டாக்டர். கழுத்தில் கொசுக்கடி அளவுதான் இருக்கிறது. பார்க்க வரும்போது அகலமான பிளாஸ்திரி ஒன்று வாங்கி வாரும். ஆலிஸுக்குத் தெரிய வேண்டாம்.