தேனம்மை ஆச்சியின் பலகாரமும் என் கிறிஸ்துமஸ் பிரசங்கமும்

கெடா, மலாயா
நவம்பர் 1964

கர்த்தருக்குள் பிரியமானவரும், காரைக்குடி சபையின் செயலாளரும், என் மனைவிக்குத் தம்பியுமாகிய ஏசுவடியான் அவர்களுக்கு அத்தான் வேதமாணிக்கம் எழுதிக்கொள்வது. ஸ்தோத்திரம். இவ்விடம் நான் க்ஷேமம். அவ்விடம் நீரும் உம் வீட்டாரும், சபையாரும், வாசலில் படுக்கும் அந்த நொண்டி நாயும் க்ஷேமமாயிருக்க இருவேளையும் ஜெபிக்கிறேன். நான் க்ஷேமம் என்று எழுதியது முறைக்காக. என்ன மாதிரி க்ஷேமம் என்பது போகப் போகத் தெரியும்.

முதலில் நம் ஒப்பந்தத்தை நினைவூட்டிவிடுகிறேன், ஏனென்றால் உமக்கு மறதி அதிகம், அதுவும் எனக்குச் சாதகமான விஷயங்களில். காலமெல்லாம் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற என்னை நீர் பீடத்தில் ஏற்றியது அறிவிப்பு வாசிக்க மட்டும்தான். 'போன ஞாயிறு விட்டுப்போன குடையை உரியவர் எடுத்துக்கொள்ளவும்' என்பதைத் தவிர அங்கிருந்து நான் வேறு எந்த நற்செய்தியும் சொன்னதில்லை. நம் பாதிரி ஐயருக்குக் காய்ச்சல் கண்டபோது ஒரே ஒரு தரம் பேசவிட்டீர். நோவாவின் பேழையில் நான் மிருகங்களை ஏற்றி முடிப்பதற்குள் சபையில் பாதிப் பேர் இறங்கிப் போய்விட்டார்கள் என்று இன்றைக்கும் கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரிக்கிறீர். நான் ஊழியத்துக்கு மலாயா புறப்பட்ட அன்று ஸ்டேஷனில் எல்லார் முன்னாலும் என்ன சொன்னீர்? "அத்தான், அங்குட்டுப் போயி ஒரே ஒரு கூட்டத்தையாவது எந்திரிச்சுப் போகாம உக்கார வச்சுட்டு வாங்க, இந்தக் கிறிஸ்துமஸுக்குப் பீடம் உங்களுக்குத்தேன்" என்று சொன்னீரா இல்லையா? என் ஆயுளில் நான் ஆசைப்பட்டது அந்த ஒரு பிரசங்கம்தான் ஐயா. அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியும்.

என் பெட்டிக்குப் பூட்டு இல்லாததால் பக்கத்து வீட்டுத் தேனம்மை ஆச்சி தன் இரும்புப் பெட்டியைக் கொடுத்தார்கள். பினாங்கில் கடை வைத்திருக்கும் மகன் அழகுசுந்தரத்துக்கு நான் பலகாரம் கொண்டுபோய்க் கொடுத்து, பெட்டியையும் அங்கேயே விட்டுவிட வேண்டும் என்பது பேச்சு. செட்டியார் வீட்டுச் சாமான் உமக்குத் தெரியுமே, கரண்டிக் காம்பில்கூட வீட்டு விலாசம் வெட்டியிருக்கும். பெட்டியின் நாலு பக்கமும் விலாசம். அதற்குள் என் பைபிள், பிரசங்கத் தாள்கள், துண்டுப்பிரதிகள், மாற்று வேட்டி எல்லாம் வைத்துப் பூட்டினேன். பலகாரம் எதில் போவது? "கப்பலேறிப் போன பாத்திரம் எந்தக் காலத்துல வாத்தியாரே வீடு திரும்பியிருக்கு?" என்று ஆச்சி பாத்திரம் தர மறுத்துவிட்டதால், அறுப்பின் பண்டிகைக்கு நாம் வைத்திருக்கும் தகர டின்களை, உம்மிடம் கேட்காமல்தான், எடுத்துக்கொண்டு போனேன். மனகோலம், சீப்புச்சீடை, மாவுருண்டை என்று வாய்வரை நிரப்பி நெய்யொழுக மூடிக் கொடுத்தார்கள். டின்மேல் 'காரைக்குடி சபை' என்று தெருக்கோடிக்குத் தெரிகிற எழுத்தில் எழுதிவைத்தவர் நீர்தான். ஆக, செட்டியார் பெயர் போட்ட பெட்டிக்குள் சுவிசேஷமும், சுவிசேஷப் பெயர் போட்ட டின்னுக்குள் செட்டியார் வீட்டுப் பலகாரமுமாக நான் நாகப்பட்டினத்தில் கப்பலேறினேன்.

கப்பல் தளத்தைப் பார்த்ததும் எனக்கு ஆனந்தம் பொங்கியது. அத்தனை ஜனம், எழுந்து போக இடமில்லை, சுற்றிலும் கடல்! இப்படி ஒரு சபை யாருக்குக் கிடைக்கும்? அன்றைக்கே ஆதியாகமத்தில் தொடங்கி, காற்றுக்கு எதிராக நின்று கத்தினேன். காற்று என் வார்த்தைகளை எல்லாம் திருப்பி என் வாய்க்குள்ளேயே போட்டது. அப்புறம் அலை எழும்பியது, ஜனங்கள் வாந்தி எடுத்தார்கள், அவர்களுக்காக ஜெபிக்கப் போய் நானும் எடுத்தேன். பினாங்கு மலை கண்ணுக்குத் தெரிந்தபோது என் தொண்டையில் காற்று வந்ததே தவிரச் சத்தம் வரவில்லை.

துறைமுகத்தில் அழகுசுந்தரம் கடை ஆள் ஏகப்பன் வந்து நின்றான். என்னைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான், பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். நான் வாயைத் திறந்தேன், காற்று வந்தது. டின்னைக் காட்டினேன், பெட்டியைக் காட்டினேன், தலையில் அடித்துக்கொண்டேன். "கனக்கும்ங்கிறீகளா? அட, நான் பாத்துக்கிறேன் வாத்தியாரே. எங்க விலாசந்தேன் போட்டிருக்குல்ல, பெறகென்ன பேச்சு?" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குள் புகுந்து போயே போய்விட்டான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. விலாசம் ஒன்றாகவும் சரக்கு வேறாகவும் இருக்கும் என்று அந்த வீட்டுச் சம்பளம் வாங்குகிற எவனும் நினைக்க மாட்டான். பைபிள் இல்லை, பிரசங்கம் இல்லை, வேட்டி இல்லை, குரலும் இல்லை. இந்த லட்சணத்தில் என்னையும் டின்களையும், எனக்காகக் காத்திருந்த தோட்டத்து லாரி கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கொண்டுபோய் இறக்கியது.

தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணியார் நம் விசுவாசி. கூட்டத்துக்கு ஆள் சேர்த்து வைத்திருந்தார். அதில் பாதிக்குமேல் நம் பக்கத்து ஜனம், கோயிலுக்குப் போகிற ஜனம், வெளியூர் ஆளை வேடிக்கை பார்க்க வந்த ஜனம். கிராணியார் டின்னைப் பார்த்தார், எழுத்தைப் படித்தார், "காரைக்குடி சபையாரு நமக்குன்னு பலகாரம் குடுத்து விட்டிருக்காக!" என்று மூடியைத் திறந்தே விட்டார். ஐயோ வேண்டாம், அது ஆச்சி மகனுக்கு என்று நான் இரண்டு கையையும் உயரத் தூக்கினேன். ஜனங்கள் ஆசீர்வாதம் என்று நினைத்துத் தலையைக் குனிந்தார்கள். நான் இன்னும் பலமாக ஆட்டினேன். "ஆமென்" என்று சொல்லிவிட்டுத் தின்ன ஆரம்பித்தார்கள்.

அதற்கப்புறம் நடந்ததுதான் அதிசயம். ரப்பர் மரத்தில் பால் வெட்டும் பொன்னுத்தாயி என்ற பெண், நாச்சியாபுரத்துக்காரி, ஒரு மனகோலத்தைக் கையில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "ஐயா, இது நம்மூருப் பலகாரம்ல! கல்யாணமாகி இங்குட்டு வந்ததுலருந்து கண்ணுல பாக்கலயே" என்று சொல்லி அழ ஆரம்பித்தாள். அண்ணனோடு சண்டை போட்டுவிட்டுக் கப்பலேறியதை, அவன் செத்த சேதி தாமதமாக வந்ததை, எல்லாவற்றையும் சொன்னாள். இந்த இடத்துக்குப் பொருத்தமான வசனம் ஒரு டஜன் என் நாக்கு நுனியில் வந்து நின்றது. சத்தம் இல்லாததால் தலையை மட்டும் ஆட்டினேன். அவள் எழுந்ததும் இன்னொருவர் வந்தார், அவர் எழுந்ததும் இன்னொருவர். விளக்கு வைக்கிற வரைக்கும் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. போகும்போது பொன்னுத்தாயி, "இம்புட்டு நல்லாப் பேசுற ஊழியக்காரரை நான் பாத்ததேயில்லைய்யா" என்று கும்பிட்டாள். நான் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, மாப்பிள்ளை, பொய் சொல்லவில்லை.

தொண்டை கரகரவென்று திறந்ததும் முதல் வேலையாகப் பினாங்குக்குப் போய் அழகுசுந்தரம் முன்னால் குற்றவாளியாக நின்றேன். நெற்றி நிறைய விபூதியோடு அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஆத்தா பலகாரம் வந்திருக்குன்னு கடையாளுக எல்லாத்தையும் தட்டோட உக்கார வச்சு, மாத்துச் சாவியப் போட்டுப் பெட்டியத் தெறக்குறேன், உள்ள பூராப் பாவமன்னிப்பு!" என்றார். எழுத்துள்ள தாளை எறியக் கூடாது என்று துண்டுப்பிரதிகளை எல்லாம் சாமி அறையில் வைத்து, மேலே பூவும் வைத்திருந்தார். பிரசங்கத்தை அவரே முழுக்கப் படித்தாராம். "நல்லாத்தேன் இருக்கு. ஆனா மழை பேஞ்சு வெள்ளம் வர்றதுக்குள்ள எனக்குக் கண்ணக் கட்டிருச்சு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பலகாரம்?" என்று கேட்டார். தோட்டத்தில் நம் பக்கத்து ஜனங்கள் தின்றுவிட்டார்கள் என்றேன். கல்லாப்பெட்டியைத் திறந்தார், மூடினார். "நல்லாத் தின்னாகளா?" "நல்லாத் தின்னாக." "போகட்டும் விடுங்க. நான் தின்னதா ஆத்தாவுக்கு எழுதிர்றேன். நீங்க போயி உளறிராதீக." ஆகவே நீரும் ஆச்சியிடம் உளற வேண்டாம்.

இப்போது பாரும், குரல் போனதால் பெட்டி போயிற்று, பெட்டி போனதால் டின் திறந்தது, டின் திறந்ததால் ஒரு கூட்டம் எழுந்து போகாமல் உட்கார்ந்தது. சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கும் என்ற வசனத்தை இதைவிட நெய் மணக்க யார் விளக்க முடியும்? ஒப்பந்தப்படி இந்தக் கிறிஸ்துமஸ் பீடம் என்னுடையது. கிராணியார் சாட்சிக் கையெழுத்துப் போடத் தயார். பீடத்தின்மேல் ஒரு சொம்புத் தண்ணீர் இருக்கட்டும். ஆதாம் முதல் தொடங்க உத்தேசம். கதவுப் பக்கம் நல்ல திடகாத்திரமான வாலிபர் இருவரை நிறுத்தி வையும். வருகிற கப்பலில் புறப்படுகிறேன்.

உம் அக்காள் புஷ்பத்துக்கு என் விசாரிப்பு. பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். ஐயருக்கு வணக்கம். அவர் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லும், கிறிஸ்துமஸ் அன்று மட்டும் கொஞ்சம் அசட்டையாக இருந்தாலும் பாதகமில்லை.

இப்படிக்கு,
கர்த்தருடைய ஊழியத்தில்,
வேதமாணிக்கம்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. மீட்டு வந்த பிரசங்கத்தை முழுக் குரலில் செய்தேன். போன தடவையைவிட இரண்டு மடங்கு கூட்டம். நோவா மரம் வெட்டும்போது பிள்ளைகள் தூங்கின. தச்சு வேலை முடிவதற்குள் கிராணியாரே மழை வரும்போல என்று எழுந்துவிட்டார்; வானத்தில் ஒரு மேகம் இல்லை. கடைசி வரைக்கும் இருந்தது பொன்னுத்தாயி ஒருத்திதான். கிட்டே வந்து, "தொண்டை நல்லாயிருச்சு போலருக்கே ஐயா" என்று துக்கம் விசாரிப்பதுபோலச் சொன்னாள். "மறுபடி எப்பய்யா கட்டும்?"

ஆகையால் மாப்பிள்ளை, மேலே கேட்டதை எல்லாம் அடித்துவிடும். கிறிஸ்துமஸ் பிரசங்கத்தை ஐயரே செய்யட்டும். எனக்குச் சபை வாசலில் ஒரு பெஞ்சு போட்டுவையும், போதும். ஆராதனை முடிந்து யாருக்கு என்ன சொல்ல இருந்தாலும் வந்து உட்காரட்டும், நான் குறுக்கே பேச மாட்டேன். முதல் இடம் உம் அக்காளுக்கு. கல்யாணமான நாளிலிருந்து அவள் ஏதோ ஒன்றைச் சொல்ல ஆரம்பிக்கிறாள். அது என்னவென்று இதுவரை நான் கேட்டு முடித்ததில்லை.