பிக்சல் நானா ஃபோன் பறித்த காலம்

கல்முனைக் கரையோரத்தில் கடல்கூடச் சில நாள் சும்மா கிடக்கும், பிக்சல் நானா கிடக்கமாட்டார். அண்ணன் முறைக்காரரை எங்கள் ஊரில் நானா என்போம், காக்கா என்றும் சொல்வோம். சாய்ந்தமருதில் ஒரு புடவைக்கடையின் மேல்மாடியில் நானும் அவரும் வெப்சைட் செய்து கொடுத்துக்கொண்டிருந்தோம். அவருடைய கதிரை கடைசிவரை புதிதாகவே இருந்தது. நின்றபடி தட்டுவார், நான்கு எட்டு நடப்பார், திரும்பி வந்து கண்ணைச் சுருக்கித் திரையைப் பார்ப்பார்.

"ஒரு பிக்சல் இடப்பக்கம் தள்ளி நிக்கி," என்பார்.

பிக்சல் என்றால் திரையில் உள்ள ஆகச் சிறிய புள்ளி. அது தள்ளி நிற்பது என் கண்ணுக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை. நானாவுக்குத் தெரியும். தேத்தண்ணிக் கடையில் பிஸ்கட் போத்தல்கள் கோணலாக நின்றால், ப்ளேன்டீ ஆறினாலும் பரவாயில்லை என்று எழும்பிப்போய் அடுக்கிவிட்டுத்தான் குடிப்பார். பிறகு பிறகு, அவர் தெருமுனையில் வரும்போதே கடைக்காரக் காக்கா போத்தல்களை நேராக்கத் தொடங்கிவிட்டார்.

பெட்டிகளைத் திரையில் இடம் பார்த்து அடுக்கும் ஃபிளெக்ஸ் என்ற முறையை எனக்குப் படிப்பித்ததும் ஒரு கல்யாண வீட்டில்தான். ஒரு பாயில், சஹன் என்ற பெரிய தட்டுச் சோற்றைச் சுற்றி ஆறு பேர் இருந்தோம்.

"இஞ்ச பாரு, இந்தப் பாய்தான் பெட்டி. நாம ஆறு பேரும் உள்ளுக்கு இரிக்கிற சாமான். இடம் பத்தாட்டி எல்லாரும் கொஞ்சம் ஒடுங்குவம். அதுக்கு மேலயும் ஆள் வந்தா?"

"வேற பாய் விரிச்சு வேற சஹன் வைப்பாங்க."

"அதான் ராப். அடுத்த வரிக்கு எறக்கி விடுறது. அதப் போட மறந்தியெண்டா ஏழாவது ஆள் வாசலுக்கு வெளிய தொங்குவாரு."

பாடம் முடிந்து குனிந்து பார்த்தால் சஹனில் ஒரு துண்டு இறைச்சிகூட இல்லை. மற்ற நான்கு பேருக்கும் வெப்சைட்டில் ஆர்வம் இருக்கவில்லை.

இதெல்லாம் சின்ன வியாதி. பெரிய வியாதி ஃபோன் பறிப்பது. நாங்கள் செய்த பக்கம் எல்லா ஃபோனிலும் ஒழுங்காகத் தெரிகிறதா என்று பார்க்க, பஸ் நிலையம், மீன் சந்தை, சலூன் எங்கும் "ஒரு நிமிசம்" என்று வாங்கிவிடுவார். வயதானவர்களின் ஃபோனில் எழுத்துப் பெரிதாக இருக்கும். அதில் எங்கள் பக்கம் கோணும். நானாவின் பார்வையில் பிழை பக்கத்திலா? சேச்சே, ஃபோனில். எழுத்தைச் சின்னதாக்கி, பக்கம் நேராக நிற்பதை ரசித்து, அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுவார். அந்த வருடம் ஊரில் பலருக்குத் திடீரென்று கண் மங்கியது. காரணம் தெரிந்தவன் நான் மட்டும்தான், நானும் வாயைத் திறக்கவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் அரிசி ஆலை ஹாஜியார் வந்தார். அவருக்கு மூன்று ஆலை. முதலில் ஓர் ஆலைக்கு வெப்சைட் செய்து காட்ட வேண்டும், பிடித்தால் மற்ற இரண்டு ஆலைகளின் வேலையும் எங்களுக்கு. கையில் வேறு வேலை இல்லை, பிடிக்காவிட்டால் மேல்மாடியைப் பூட்டிச் சாவியைக் கொடுப்பதைத் தவிர எங்களுக்கு வேறு வழி இல்லை.

பக்கத்தைச் செய்துகொண்டு ஆலைக்குப் போனோம். நாங்கள் விரித்த மடிக்கணினியை ஹாஜியார் திரும்பியும் பார்க்கவில்லை.

"என்ட ஃபோன்ல பாக்கன். அரிசி வாங்கிற ஆக்கள் ஃபோன்லதானே பாப்பாங்க."

அவருடைய ஃபோனில் ஒவ்வோர் எழுத்தும் நெல்லிக்காய் அளவு. பக்கம் திறந்தது. 'கீரிச் சம்பா' என்ற அரிசிப் பெயர் பாதியில் வெட்டுப்பட்டது. 'எங்களைத் தொடர்புகொள்ளுங்கள்' என்ற வரி தன் பச்சைப் பெட்டியை உடைத்துக்கொண்டு வெளியே வந்து அரிசி மூட்டைப் படத்தின் மேல் படுத்தது.

"தம்பி, சட்டைக்கு வெளிய வயிறு தெரியிதே," என்றார் ஹாஜியார்.

"எழுத்தச் சின்னனாக்கி விடுங்க நானா," என்று நான் காதுக்குள் சொன்னேன். நானாவின் கை பழக்கத்தில் நீண்டது. ஹாஜியார் ஃபோனை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"எழுத்துல மட்டும் கை வைக்க வாணாம் மகன். இதவிடச் சின்னனெண்டா எனக்கு என்ட பேரே வாசிக்க ஏலா."

நீண்ட கை அப்படியே நின்றது. நானாவின் முகத்தில் பஸ் நிலையமும் மீன் சந்தையும் வந்து போனதை நான் கண்டேன்.

"ஹாஜியார், பிழை ஃபோன்ல இல்ல, என்னில. அசர் பாங்கு சொல்றதுக்குள்ள திருத்தித் தாறன்," என்றவர், ஒரு கதிரையை இழுத்து உட்கார்ந்தார். ஆம், உட்கார்ந்தார். கால் மட்டும் மேசைக்கடியில் ஓடிக்கொண்டே இருந்தது.

பெட்டிகளுக்கு அவர் ஆசை ஆசையாக அளந்து வைத்திருந்த உயரத்தையெல்லாம் அழித்தார். எழுத்தைச் சுற்றி இடைவெளி மட்டும் விட்டார். அளவுகளைப் பிக்சலில் சொல்லாமல், பார்க்கிறவர் ஃபோனில் வைத்திருக்கும் எழுத்தையே அளவுகோலாக்கினார். எழுத்து வளர்ந்தால் பெட்டியும் வளரும், இடம் போதாவிட்டால் அடுத்த வரிக்கு இறங்கும். தன் பிக்சல்களை அவர் ஒவ்வொன்றாக அழித்ததைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

பிற்பகல் தொழுகைக்கான பாங்கு கேட்டது. ஹாஜியார் பக்கத்தை மறுபடி திறந்து விரலால் மேலும் கீழும் தள்ளினார்.

"ஓம், இப்ப மூச்சு விடுது. மத்த ரெண்டு ஆலையையும் செய்ங்க," என்று தொப்பியைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கு நடந்தார்.

அடுத்த கிழமை முழுக்க நானா மறுபடியும் ஃபோன் பறித்தார். இந்த முறை எழுத்தைப் பெரிதாக்கி, மன்னிப்பும் கேட்டார்.

"நான் கண்ணாடியும் வாங்கிட்டனே," என்றார் தேத்தண்ணிக் கடைக் காக்கா.

"அதுக்கும் சேத்து மாப்புத் தாங்க காக்கா."

நானாவுக்கு இப்போது கட்டார் நாட்டில் வேலை. எனக்கும் வெள்ளெழுத்து வந்துவிட்டது. போன வாரம் ஃபோனில் எழுத்தை ஆகப் பெரிதாக்கிவிட்டு அந்த ஆலையின் பக்கத்தைத் திறந்தேன். ஓர் எழுத்தும் வெளியே விழவில்லை. படம் பிடித்து நானாவுக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது: "கீழ ஒரு பிக்சல் கூடிட்டு."

கண்ணாடியைப் போட்டும் கழற்றியும் அரை நாள் தேடிவிட்டேன். அந்த மனிதர் வந்து பக்கத்தில் நின்று காட்டட்டும், அப்போதாவது தெரிகிறதா பார்ப்போம்.