மைனஸை விழுங்கிய மாப்பிள்ளை

அடுப்பு இல்லை, விறகு இல்லை. கணினியில் ஒரே ஒரு வரி தட்டி, ஒரு கிடங்கு மீனையும் வேகவைத்தவர் இந்த மாப்பிள்ளை. நம்பாதவர்கள் மெக்கானிக்கைக் கேட்கலாம். அவரும் முதலில் நம்பவில்லை.

மீன் கிடங்கு மாமனாருடையது. அங்கே குளிரூட்டும் மெஷின் 'அறை 2 வெப்பம் -18' என்று கணினிக்கு நீட்டி முழக்கி எழுதும்.

"கதையெல்லாம் வேணாம் மாப்பிள்ளை, எண் மட்டும் காட்டுங்க. இதுகூட முடியலேன்னா நாளையிலிருந்து வீட்டைப் பாத்துக்குங்க" என்றார் மாமனார்.

மாப்பிள்ளை கருப்புத் திரையில் கட்டளையைத் தட்டினார்: இலக்கம் தவிர எல்லாவற்றையும் அழி. சுவரிலிருந்த பெரிய திரையில் 218 என்று வந்தது.

மாமனார் நாற்காலியோடு துள்ளினார். அறை எண்ணும் வெப்பமும் ஒட்டிக்கொண்டன என்று சமாதானம் சொல்லி, மாப்பிள்ளை 'கிரெப்' என்கிற சல்லடைக் கட்டளையைப் போட்டு எண்களைத் தனித்தனியாகச் சலித்து, கடைசி எண்ணை மட்டும் திரைக்கு விட்டார். 18.

பதினெட்டு டிகிரி மனுஷன் தூங்க ஆகும், மீனுக்கு ஆகுமா? மாமனார் ஓடிப்போய்க் குளிரைக் கூட்டினார். திரை 35 என்றது. இன்னும் கூட்டினார். 61. கதவைத் திறந்து பார்க்கலாம் என்றால், இருக்கிற குளிரும் போய்விடும் என்று மாமனார் குறுக்கே நின்றார்.

காலையில் மெஷினைப் பழுதுபார்த்துவிட்டுப் போன மெக்கானிக் மறுபடி வந்தார். மெஷின் எழுதிய வரியைப் பார்த்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"மைனஸ் அறுபத்தொண்ணுன்னுல்ல இருக்கு. உங்க சல்லடை மைனஸை முழுங்கிடுச்சு, மாப்பிள்ளை சார்."

உண்மைதான். இலக்கத்தை மட்டும் பொறுக்கு என்றால் அது மைனஸை ஏன் சீண்டப்போகிறது? மாப்பிள்ளை ஈயாடாத முகத்தோடு கட்டளையில் மைனஸையும் சேர்த்தார். திரை -61 என்று குளிர்ந்தது. மாமனார் வீட்டுச் சாவியை எடுத்து நீட்டினார்.

சாவியை வாங்கிக்கொண்ட மாப்பிள்ளை கிடங்குக் கதவில் கையை ஊன்றினார். ஊன்றிய வேகத்தில் உதறினார். "மாமா, அப்போ கதவு ஏன் சுடுது?"

"குளிர் ரூம் கதவு சுடுமா? நடக்கவே நடக்காது" என்று மெக்கானிக் கதவை இழுத்தார். ஆவி குபீரென்று வந்து அவர் மீசையை நனைத்தது. உள்ளே ஊருக்கே விருந்து வைக்கிற அளவுக்கு மீன், பதமாக வெந்திருந்தது.

மாமனார் மெக்கானிக்கையே பார்த்தார்.

"நடந்திருக்கு முதலாளி" என்றார் அவர், மீசையைத் துடைத்தபடி. "சூட்டுக் குழாயையும் குளிர்க் குழாயையும் மாத்தி மாட்டிட்டேன் போல. அந்த மைனஸ்கூட மெஷின் போட்டதில்லே. குளிர் ரூம்னா மைனஸ்தானே வரணும்னு காலையில நான்தான் எல்லா எண்ணுக்கும் முன்னாடி சேர்த்து வெச்சேன்."