ரோட்டோரம் நின்றான்

சந்திரமதி முழுகாமல் இருந்தாள். சோறு நிற்கவில்லை, கஞ்சி நிற்கவில்லை, வெறும் தண்ணீர்கூட வந்த வழியே திரும்பியது. அவள் முகத்தில் சிரிப்பாவது நின்றிருந்தால் நான் தாங்கியிருப்பேன். அதுவும் போய்விட்டது. எப்பாடு பட்டாவது என் மனைவியைச் சிரிக்க வைப்பது என்று தீர்மானித்தேன்.

ரப்பர் கம்பெனியில் நான் கணக்கெழுதும் கிராணி. துரையோடு ரயிலில் கிராஞ்சிக்குப் போனபோது ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு காட்டுப்புதர். வெள்ளை வெளேரென்று பூ, நடுநடுவே காய். “வெட்டினாலும் எரித்தாலும் முளைக்கும்” என்று துரை அதற்கொரு பெயரும் சொன்னார். வேரோடு பெயர்த்து, கோணியில் சுற்றி, சிராங்கூன் ரோட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

“இது என்ன தெரியுமா? ரோடோடெண்ட்ரான்!”

“யாருங்க ரோட்டோரம் நின்னான்?”

“செடியோட பேரும்மா. இமயமலைச் சாதி. பனியிலேயும் சாகாது.”

“இங்க ஏது பனி?”

“அதான் இன்னும் தைரியமா வளருது. ஆனா தொட்டுடாதே. அதோட தேனே விஷமாம்!”

“பூ நல்லாத்தான் இருக்கு” என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள். சிரிக்கவில்லை.

அப்புறம் ஒருநாள் வேலை முடிந்து வந்தேன். கொல்லையில் செடியோரம் சந்திரமதி. பக்கத்தில் அடுத்த வீட்டு மைமூன் அக்கா.

“ஏங்க, பழம் பழுத்திருந்துச்சு. தின்னுட்டேன்” என்று நாக்கை நீட்டினாள். கன்னங்கரேலென்று இருந்தது.

ஓடிப்போய் அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

“ஐயோ, விஷம்! வாந்தி எடு சந்திரா!”

“வரலியே!”

“இத்தனை நாளா பச்சைத் தண்ணியக்கூட எடுத்தியே, இப்ப எடேன்!”

சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, வெட்கமில்லாமல், ஓவென்று அழுதேன்.

மைமூன் அக்காவும் நாக்கை நீட்டினார். அதுவும் கறுப்பு.

“இது செண்டுடுக் செடி லா, தம்பி! எங்க வேலியில ஊதாவாப் பூக்குமே, அதேதான். இது வெள்ளை. துரைமாருதான் அதுக்கு மலைப்பேரு வச்சுக் கூப்பிடுவாங்க. சின்னப் புள்ளையிலேருந்து தின்னுறோம், நாக்கு கறுக்கும், அவ்வளவுதான்.”

சந்திரமதியைப் பார்த்தேன்.

“உனக்குத் தெரியுமா?”

“காலையிலேயே.”

“அப்ப ஏன் அழவிட்டே?”

“நான் இல்லேன்னா எப்படி இருப்பீங்கன்னு பாக்க ஆசையா இருந்துச்சு.”

“பாத்தியா?”

“சகிக்கல” என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள், கறுத்த பல்லெல்லாம் தெரிய. பழமும் வயிற்றிலேயே நின்றது.

கண்ணைத் துடைக்கக் கொடியில் கிடந்த என் வெள்ளைக் கோட்டை இழுத்தேன்.

“அது வேணாங்க. அதுலதான் நாங்க வாய் துடைச்சோம்.”