பன்னிரண்டரை மைனா

எஹலியகொட,
15.10.2024

பெருமதிப்புக்குரிய மச்சான் சண்முகநாதன் அவர்களுக்கு,

மாவனல்லையில் நீங்களும் பிள்ளைகளும் கடையும் சுகமாக இருக்க முருகனை வேண்டிக்கொள்கிறேன். இங்கே உங்கள் தங்கச்சி சீதாதேவி சுகம், மகள் லோஜினி சுகம், நான் மட்டும் சுகமில்லை. காரணம் நீங்கள். வட்ஸ்அப்பில் பேசி அனுப்பச் சொன்னாள் லோஜினி. பேசினால் பாதியில் நிறுத்திவிடுவீர்கள் என்று தெரிந்துதான் கடிதம் எழுதுகிறேன். நீங்கள் கொண்டுவந்த அந்தக் கொடகவெல சம்பந்தம் நமக்கு வேண்டாம்.

பெண் பார்க்க வாங்க என்றால் மாப்பிள்ளைப் பையன் விதுர்ஷன் என்ன சொன்னான் தெரியுமா? "பலகாரத் தட்டோட பொண்ண நிக்க வச்சுப் பாக்குறது எனக்குப் பிடிக்காதுங்க. ஞாயித்துக்கெழம டவுன் பூங்காவுல பறவை எண்ணுறோம், குடும்பமா வாங்க. ஒரு நாள் கூட இருந்தா ஆளு எப்படின்னு தெரிஞ்சிரும்." பயோலஜி வாத்தியார், ஏதோ புதுமாதிரிப் பேசுகிறான் என்று நானும் தலையை ஆட்டிவிட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

விடிய ஐந்தரைக்குப் போனோம். கஞ்சி போட்டு மடித்த என் வெள்ளைச் சட்டையைக் கண்டு பறவைகள் ஓடிவிடுமாம். கொழுந்து பறிக்கிற பிள்ளைகள் இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்கை எடுத்துப் பையன் என் தோளில் போர்த்திவிட்டான். முப்பத்துநான்கு வருஷம் தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவனுக்குப் படங்கு! சீதாதேவி வடைப் பொட்டலத்தைப் பிரித்தாள், அதற்கும் "ஷ்ஷ்" என்றார்கள். அப்போது புதருக்குள் ஏதோ ஒன்று இரண்டு தரம் விசிலடித்தது. "மாமா, ஆறுமணிக் குருவி. இமயமலைப் பக்கத்துலருந்து வருது" என்று பையன் என் காதில் ஊதினான். இன்னும் ஒன்றுமே முடிவாகவில்லை, அதற்குள் மாமாவாம்! அவ்வளவு தூரம் பறந்து வந்த குருவி முகத்தைக் காட்டவில்லை. பையனும் அப்படித்தான். நாள் முழுக்க மரத்தைப் பார்த்தான், சேற்றைப் பார்த்தான், என் மகளை ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

சும்மா நிற்கிறேன் என்று என்னிடம் ஒரு பட்டியலும் பென்சிலும் தந்தார்கள். ஆள் எண்ணுவதை எனக்குச் சொல்லித்தர வேண்டுமா? தோட்டத்தில் ஆறு மணிக்குப் பிரட்டு, ஒவ்வொரு ஆளாகப் பேர் பதிவோம். நாள் முழுக்க நின்றால் முழுச் சம்பளத்துக்கு முழுப்பேர், பாதியில் போனால் அரைப்பேர், வேலை செய்யாவிட்டால் பேரை வெட்டுவோம். அப்படியே செய்தேன். இருபத்தைந்து மைனா பதினொரு மணிக்கே கிளம்பிவிட்டன, எல்லாவற்றுக்கும் அரைப்பேர். நீர்க்காகம் ஒன்று சிறகை விரித்துக்கொண்டு பொழுதுக்கும் வெயில் காய்ந்தது, வெட்டினேன். ஆறுமணிக் குருவியின் குரல்தான் வந்தது, ஆள் வரவில்லை. அதையும் வெட்டினேன்.

பின்னேரம் என் பட்டியலை நாற்பது பேர் முன்னால் மைக்கில் வாசித்தார்கள். "மைனா, பன்னிரண்டரை." பக்கத்தில் நின்ற சிங்கள அம்மா, "மாத்தயா, அரை மைனாவுக்குத் தலை இருக்கா, வால் இருக்கா?" என்று சிங்களத்தில் கேட்டாள். பூங்காவே சிரித்தது. சீதாதேவி சிரித்தாள், பெற்ற மகள் சிரித்தாள், அந்தப் பையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். துரை முன்னால்கூட நான் இப்படித் தலைகுனிந்ததில்லை மச்சான், ரொம்ப அவமானமாப் போச்சு. குருவிக்குக் கொடுக்கிற மரியாதையை மாமனாருக்குக் கொடுக்காத வீட்டில் என் பிள்ளையைக் கொடுக்கமாட்டேன். அவர்களிடம் நாசூக்காகச் சொல்லிவிடுங்கள். நாசூக்கு இல்லாமல் சொன்னாலும் சரி.

பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு ஆசீர்வாதம், உங்களுக்கு இரண்டும் இப்போதைக்கு இல்லை.

இப்படிக்கு,
அ. பெரியண்ணன்
(ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை)

பி.கு. (21.10.2024): மழையால் கடிதம் இன்னும் தபாலுக்குப் போகவில்லை, நல்லதாகப் போயிற்று. செவ்வாய் பின்னேரம் இதை ஒட்டும்போது வீட்டுக்குப் பின்னால், கறிவேப்பிலை மரத்தடியில் அதே விசில். மணி பார்த்தேன், ஆறு. மறுநாள் காலையும் ஆறு, பின்னேரமும் ஆறு. பச்சை முதுகு, வாலடியில் சிவப்பு, சருகைக் கிளறிக் கிளறி ஓயாத வேலை. இன்றோடு ஏழு நாள், ஒரு நாள்கூடத் தப்பவில்லை. ரிட்டயர் ஆகி இரண்டு வருஷம், என் பிரட்டுக்கு வர ஒருத்தரும் இல்லை என்று மனசுக்குள் ஒரு கவலை இருந்தது மச்சான், உங்களிடம் சொன்னதில்லை. பூங்காவில் அதன் பேரை வெட்டியது என் பிழை. அதை யோசிக்கும்போதுதான் இதுவும் ஞாபகம் வந்தது: அன்றைக்கு எங்களுக்கு முன்னால் வந்து, சீதாவின் பையைச் சுமந்து, என் காலில் ஏறிய அட்டையை உப்பு வைத்து எடுத்து, இருட்டும்வரை நின்றவன் அந்தப் பையன். லோஜினியிடம், "அவன் ஒன்ன ஒரு தடவகூட பாக்கலியேம்மா" என்றேன். "நீங்க பட்டியலப் பாத்துக்கிட்டு இருந்தீங்கப்பா" என்றாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவனை அப்பா அம்மாவோடு வரச் சொல்லுங்கள். காலையில் ஆறு மணிக்கு முன்னாலேயே வரட்டும், வெள்ளைச் சட்டை வேண்டாம். பையனுக்கு முழுப்பேர் போட்டுவிட்டேன்.