நாலு ஓட்டை மவுத் ஆர்கன்

மவுத் ஆர்கனின் பித்தளை நாக்கு 'டிக்'கென்று முறிந்து டீ டம்ளருக்குள் விழுந்தது. தராசுக்காரர் அரத்தைக் கையில் பிடித்தபடி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். மற்ற ஏழு ஸ்வரங்களும் சொன்ன பேச்சு கேட்டு உட்கார்ந்துவிட்டன. இந்த ஆறாவதுதான் பிடிகொடுக்க மாட்டேன் என்றது.

அவர் தராசு பழுதுபார்ப்பவர். நகைக்கடைத் தராசிலிருந்து மூட்டை நிறுக்கிற தராசு வரை, முள் மயிரிழை நகர்ந்தாலும் கண்டுபிடித்துவிடுகிற கை. பொறுமையாக அரம் பிடித்தால் தீராத கோளாறே உலகத்தில் இல்லை என்பது அவர் கட்சி.

அந்தக் கட்சிக்குச் சோதனை வீட்டிலேயே வந்தது. இருபது வருடம் வகுப்பில் கத்திக் கத்தி, அவர் மனைவி டீச்சரம்மாவின் தொண்டை கட்டிப்போயிற்று. டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"நாப்பது நாள் பேசக் கூடாது. கிசுகிசுக்கக் கூடாது. முணுமுணுன்னு பாடக்கூட கூடாது."

முதல் வாரம் டீச்சரம்மா சிலேட்டில் எழுதி எழுதியே கணவரைத் திட்டித் தீர்த்தார். எழுத்துப் பிழையே இல்லாத திட்டு. இரண்டாவது வாரம் அது 'சரி', 'வேண்டாம்' என்று சுருங்கியது. மூன்றாவது வாரம் சிலேட்டு அலமாரிமேல் ஏறிவிட்டது. குரல் திரும்பாமலே போய்விடுமோ என்ற பயம் அந்த முகத்தில் குடியேறியதைத் தராசுக்காரர் பார்த்தார். மனைவிக்கு இல்லாத குரல் தனக்கு மட்டும் எதற்கென்று, குளியலறையில் ஏதோ முனகுகிற வழக்கத்தைக்கூட நிறுத்திவிட்டார்.

காய் நறுக்கும்போது டீச்சரம்மா ஒரு மெட்டு முணுமுணுப்பார். வார்த்தை கிடையாது, மொத்தமே எட்டு ஸ்வரம். பன்னிரண்டு வருடமாகக் கேட்டும், நன்றாக இருக்கிறது என்று ஒரு நாள்கூட அவர் சொன்னதில்லை. இப்போது வீடு மௌனமாகக் கிடக்க, அந்தக் குறை அவரைப் பிடுங்கித் தின்றது.

டாக்டருக்கு போன் போட்டார். "தொண்டையில சத்தம் வராம ஏதாவது ஊதலாமா டாக்டர்?"

"மெதுவா ஊதினா தப்பில்ல. எதை ஊதப் போறீங்க?"

போனை வைத்தார். அன்றைக்கே தன் பழைய மவுத் ஆர்கனை எடுத்து ரம்பத்தால் குறுக்கே அறுத்தார். ஓர் ஓட்டையில் ஊதினால் ஒரு ஸ்வரம், இழுத்தால் ஒரு ஸ்வரம். எட்டு ஸ்வரத்துக்கு நாலு ஓட்டை போதும். அவற்றை மெட்டின் வரிசையிலேயே அடுக்கிவிட்டால் வாசிக்கத் தெரியவே வேண்டாம். ஊது, இழு, நகர். ஊது, இழு, நகர். தீப்பெட்டி அளவில், அடையாள அட்டையோடு கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்ளலாம். இப்படி ஒரு யோசனை தனக்கா வந்தது என்று அவருக்கே ஆச்சரியம்.

மெட்டுக்கு ஆதாரம் போனில் இருந்தது. 'வரும்போது பல்பு வாங்கிட்டு வாங்க' என்று எப்போதோ அனுப்பிய குரல் செய்தி. சொல்லிவிட்டு அணைக்க மறந்துபோய், பின்னாடியே பதினோரு விநாடி முணுமுணுப்பு.

அதில் ஆறாவது ஸ்வரம் எந்த ஓட்டைக்கும் சேராமல் கொஞ்சம் கீழே நின்றது. நாக்கின் அடியைத் தேய்த்தால் ஸ்வரம் இறங்கும், நுனியைத் தேய்த்தால் ஏறும். அடியைத் தேய்த்தார், அதிகமாக இறங்கியது. நுனியைத் தேய்த்தார், அதிகமாக ஏறியது. மறுபடி அடி, மறுபடி நுனி. கடைசியில்தான் டீ டம்ளர்.

மாடி வீட்டுக்காரரிடம் போனார். பணி ஓய்வு பெற்றவர், பொழுதுபோக்குக்கு ஒரு மவுத் ஆர்கன் வைத்திருப்பவர், தங்கமான மனிதர்.

"உங்க மவுத் ஆர்கனை ஒரே ஒரு நாள் குடுங்க சார், பாத்துட்டுத் தர்றேன்."

"தாராளமா. டீச்சரம்மாவுக்கு எப்படி இருக்கு? உங்க வீட்டுப் பாட்டு கேக்காம எனக்குப் பொழுதே விடிய மாட்டேங்குது சார்."

மாடி வரைக்கும் ரசிகர் இருக்கிறாரே என்று தராசுக்காரருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அந்தப் பூரிப்பிலேயே வந்து, இரவல் மவுத் ஆர்கனின் ஒரு நாக்கைப் பிடுங்கினார்.

அது நீளமாக இருந்தது. அது உட்காரப் பள்ளத்தைச் சற்று நீட்டினார். பக்கச் சுவர் உடைந்து ஐந்தும் ஆறும் ஒன்றாகக் கத்தின. சுவருக்கு மெழுகு பூசி, இறுகட்டும் என்று ஜன்னலில் வைத்தார். வெயில் அடித்து மெழுகு உருகி ஏழாவதின் வாயையும் அடைத்தது. அதைச் சுரண்டியபோது எட்டாவது வளைந்தது.

"பாத்தாச்சா சார்?" என்று மாடி வீட்டுக்காரர் தினமும் கேட்டார்.

"பாத்துட்டே இருக்கேன் சார்" என்றார் இவர். அது பொய்யில்லை.

வேறு வழியில்லாமல் வாத்தியக் கடைக்காரரிடம் குரல் செய்தியைப் போட்டுக் காட்டினார். அவர் இரண்டு தரம் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"அண்ணே, இது ஸ்வரமே இல்ல. பாடினவங்க அந்த இடத்துல சுருதி இறங்கிட்டாங்க. சரியான ஸ்வரத்தை வெச்சு வேலைய முடிங்க."

தராசுக்காரருக்குச் சுர்ரென்று ஏறியது. "என் வீட்டுக்காரிக்கு சுருதி இறங்காதுங்க. இவ்வளவு நுணுக்கமான ஸ்வரத்தைப் பிடிக்க உங்க மவுத் ஆர்கனுக்குத்தான் வக்கில்ல!"

கோபமாகப் பட்டறைக்குத் திரும்பியவர் கண்ணில் பழைய தராசு ஒன்று பட்டது. முள்ளின் நுனியில் பாரம் கூடினால் அது மெதுவாக ஆடும். நாக்கும் ஆடுகிற முள்தானே? தேய்ப்பானேன்? கடுகில் பாதி ஈயத்தை நாக்கின் நுனியில் பற்றவைத்தார். சுவரைத் தகட்டால் கட்டினார், எட்டாவதை நிமிர்த்தினார். ஊதிப் பார்த்தார். ஆறாவது ஸ்வரம் லேசாகச் சறுக்கி, போனில் கேட்டபடியே, அச்சு அசலாக வந்து நின்றது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. சும்மா சொல்லக் கூடாது, பெரிய தொழிற்சாலையும் அப்படி ஒன்றைச் செய்திருக்காது.

முப்பத்தோராம் நாள் காலை. டீச்சரம்மா காய் நறுக்க உட்கார்ந்தபோது தராசுக்காரர் அதை அவர் கையில் வைத்தார். "ஊது, இழு, நகரு. அவ்வளவுதான்."

அதே நேரம் மாடி வீட்டுக்காரர் தன் மவுத் ஆர்கனைக் கேட்டு வாசலில் வந்து நின்றார்.

டீச்சரம்மா ஊதினார், இழுத்தார், நகர்ந்தார். ஆறாவதில் அது அழகாகச் சறுக்கியது. டீச்சரம்மாவின் கண் விரிந்தது. மறுபடி வாசித்தார். தோள் குலுங்கியது, கண்ணில் நீர் கொட்டியது.

"என்னாச்சு? தொண்டை வலிக்குதா?" என்று பதறினார் தராசுக்காரர்.

இல்லையென்று தலையாட்டிவிட்டு, அலமாரிமேல் கிடந்த சிலேட்டை டீச்சரம்மாவே எட்டி எடுத்தார். 'இது யார் பாட்டுன்னு தெரியுதா?'

"தெரியாம என்ன? உன் பாட்டு. பன்னெண்டு வருஷமா சொல்லாம விட்டுட்டேன். நீ ரொம்ப நல்லா பாடுற டீச்சர். அதுலயும் அந்த ஆறாவது இடம் இருக்கே, அதெல்லாம் பிறவி ஞானம். வேற யாருக்கும் வராது!"

டீச்சரம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சத்தமே இல்லாமல் சிரித்தார். சாக்பீஸ் கையிலிருந்து நழுவி உருண்டது.

வாசலில் நின்ற மாடி வீட்டுக்காரர் முகமெல்லாம் மலர்ச்சியாக உள்ளே வந்தார்.

"அட, நீங்க தினமும் குளிக்கும்போது பாடுற பாட்டு! தண்ணிச் சத்தம் இல்லாம இன்னைக்குத்தான் சார் முழுசா கேக்குறேன். நடுவுல ஒரு இடத்துல தவறாம சறுக்குவீங்களே, அதைக்கூட விடாம வெச்சிருக்கீங்க!"