காதல்புயலின் கொட்டேஷன்

இனி மனைவி எதைச் சொன்னாலும் "ஆகட்டும்மா" என்று தலையாட்டிவிட்டு, நான் நினைத்ததைத்தான் செய்வது என்று ஒரு மாபெரும் முடிவெடுத்தேன். அது என்னை எங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது என்பதை உங்களிடம் மட்டும் சொல்கிறேன். வீட்டில் சொல்லி அழ முடியாது.

நான் அலுவலக நாற்காலிகளைப் பழுது பார்ப்பவன். சுழல வேண்டியது சுழலாவிட்டாலும், உயர வேண்டியது உட்கார்ந்ததும் இறங்கிவிட்டாலும் என்னிடம்தான் வர வேண்டும். வரவில்லை. பட்டறையில் தூசிதான் உட்கார்ந்திருந்தது. கம்பெனி கம்பெனியாக ஈமெயிலில் கொட்டேஷன் அனுப்பினேன். "வேண்டாம்" என்றுகூட ஒருத்தரும் பதில் போடவில்லை. வேண்டாம் என்றாலாவது நான் உயிரோடு இருப்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது என்று ஆறுதல் அடையலாம். எனக்கு மனசே விட்டுப்போயிற்று.

இந்த மாதமும் வேலை கிடைக்காவிட்டால் பட்டறையைப் பூட்டிவிட்டு மச்சானின் கிடங்கில் மூட்டை எண்ணப் போக வேண்டியதுதான். மச்சான் என்றால் மனைவியின் தம்பி. வாய் நிறைய "மாமா, மாமா" என்பான். அப்படிக் கூப்பிட்டுக்கொண்டே இடுப்பொடிய வேலை வாங்குவான்.

அப்போதுதான் ஒரு பெரிய அலுவலகம் தன் நாற்காலிகள் அத்தனையையும் பழுது பார்க்க ஆள் தேடுவதாகக் கேள்விப்பட்டேன். உடனே கொட்டேஷன் அனுப்பினேன். அங்கிருந்தும் சத்தமில்லை.

மூலையில் சீட் உறை தைத்துக்கொண்டிருந்த மனைவி மெஷினை நிறுத்தினாள்.

"எந்த மெயில்ல இருந்து அனுப்பினீங்க?"

"நம்ம மெயில்தான்."

"அந்தக் காதல்புயலா?"

கல்யாணத்துக்கு முன்னால் இலவசமாகத் திறந்த கணக்கு அது. அப்போது கொஞ்சம் வீசிக்கொண்டிருந்தேன்.

"காதல்புயல்கிட்ட எவன் நாற்காலியைக் குடுப்பான்? ஊரை ஏமாத்துறவன் பாதிப்பேரு இந்த மாதிரி ஓசிக் கணக்குல இருந்துதான் அனுப்புறான். கம்பெனி கம்ப்யூட்டர் உங்களையும் அவங்களோட சேர்த்து ஸ்பாம்ல தள்ளிடுது. பட்டறை பேர்லயே ஒரு முகவரி வாங்குங்கன்னு எத்தனை தடவைங்க சொல்றது?"

"சும்மா கிடைக்கிறதுக்கு யாராவது காசு குடுப்பாங்களா?"

"அதான் சும்மா உட்கார்ந்திருக்கோம்."

வழக்கமாக இந்த இடத்தில் சண்டை மூளும். எனக்கு என் முடிவு ஞாபகம் வந்தது. "ஆகட்டும்மா" என்றேன். மறுநாள், "வாங்கிட்டேன்" என்றும் சொன்னேன்.

"பட்டறை பேர்லயா?"

"சாட்சாத் பட்டறை பேர்லயே."

பச்சைப் பொய். காதல்புயலுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, "தலைமை நிர்வாகி" என்று இன்னொரு இலவசக் கணக்கைத் திறந்திருந்தேன். பதவி பெரிதாக இருந்தால் கம்ப்யூட்டர் எழுந்து வழிவிடும் என்று கணக்குப் போட்டேன். கொட்டேஷனுக்கும் "அவசரம்!!! அரிய வாய்ப்பு!!! உடனே திறக்கவும்!!!" என்று தலைப்பு வைத்து, அலுக்காமல் திரும்பத் திரும்ப அனுப்பினேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "சரி" என்று மெஷினை மிதித்தாள். அவள் சண்டை போடாதபோதே நான் பயந்திருக்க வேண்டும்.

பதிலே வராததால், கடைசியில் நானே இஸ்திரி போட்ட சட்டையோடு அந்த அலுவலகத்துக்குப் போய் நின்றேன். கொள்முதல் அதிகாரி கம்ப்யூட்டரைக் குடைந்தார்.

"உங்க மெயில் எதுவும் வரலையே சார். இருங்க, ஸ்பாம்ல பார்க்கிறேன். ஓ, நீங்கதான் தலைமை நிர்வாகியா? லாட்டரி விழுந்திருக்குன்னு ஒருத்தன் அனுப்பியிருக்கான், அவனுக்குக் கீழ வரிசையா இருக்கீங்க."

"இப்பவாவது பார்த்து..."

"ஆர்டர் குடுத்தாச்சு சார். ஒரு அம்மா. சொந்தக் கம்பெனி பேர்ல மெயில், கேட்டதுக்கெல்லாம் டாண்ணு பதில். நாற்காலிகூட ஏத்தி அனுப்பிட்டோம்."

படியிறங்கினேன். இத்தனை வருஷம் யார் யாரையோ நிமிர்ந்து உட்கார வைத்தவன் நான். இனி மூட்டை எண்ண வேண்டும். அதை அவளிடம் எந்த வாயால் சொல்வது? தெருவை எப்படிக் கடந்தேன் என்றே தெரியவில்லை.

பட்டறை வாசலில் லாரி நின்றது. நாற்காலிகள் இறங்கிக்கொண்டிருந்தன. நடுவில் மனைவி கையை ஆட்டி ஆட்டி இடம் காட்டிக்கொண்டிருந்தாள்.

"இதெல்லாம் எங்கிருந்து?"

"நீங்க போய்ட்டு வர்ற ஆபீஸ்ல இருந்துதான்."

"அந்த அம்மா நீதானா?"

"வாங்கிட்டேன்னு சொன்னீங்கல்ல, அன்னிக்கே இன்டர்நெட்ல தேடிப் பார்த்தேன். நம்ம பட்டறைப் பேரை யாருமே வாங்கல, அப்படியே கிடந்துது. எதுக்கு விடணும்னு நானே வாங்கி, அதுல இருந்தே கொட்டேஷன் அனுப்பினேன். உரிமையாளர் யாருன்னு ஆபீஸ்ல கேட்டாங்க. என் பேரைப் போட்டேன்."

கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பட்டறை பிழைத்துவிட்டது.

"அப்ப நான் யாரு?"

"மெக்கானிக். நல்ல அனுபவசாலின்னு எழுதியிருக்கேன். நின்னுட்டே இருக்காம இதைப் பிடிங்க."

பிடித்தேன். சுழலாததைச் சுழல வைத்தேன், இறங்கியதை ஏற்றினேன். அவள் முகம் கொஞ்சம் தெளிந்திருந்த நேரம் பார்த்து நயமாகக் கேட்டேன்.

"ஏம்மா, நம்ம பட்டறைப் பேர்ல எனக்கும் ஒரு மெயில் முகவரி போட்டுக் குடேன்."

அவள் தையலிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அது வேலை நிரந்தரமானவங்களுக்கு மட்டும்தாங்க."